டிரிக்கரை அழுத்தினால் 'டிக்'... அவ்வளவுதான்! போலீஸ் பிஸ்டல் மக்கர் பண்ணுவது ஏன்?

2018-ம் ஆண்டு அக்டோபர் மாதம். உத்தரபிரதேச மாநிலம் சம்பல் மாவட்டத்தில் ராத்திரி நேரம் போலீசார் குற்றவாளிகளை விரட்டிப் போய் சுற்றி வளைத்தார்கள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் கைத்துப்பாக்கியை நீட்டி டிரிக்கரை அழுத்தினார். வெடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். ம்ஹூம். உடனே அவர் வாயாலேயே 'டாய்ங், டாய்ங்' என்று கத்த ஆரம்பித்தார். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் 'டுமீல், டுமீல்'. பக்கத்தில் இருந்தவர் செல்போனில் எடுத்த வீடியோ நாடு முழுக்க பரவி பெரிய சிரிப்பாய் சிரித்தார்கள்.

அந்த சிரிப்பில் ஒரு விஷயம் அமுங்கிப் போச்சு. எதிரே இருக்கிறவன் கையில் நாட்டுத் துப்பாக்கி இருந்து, அது வெடித்திருந்தால் என்ன ஆகி இருக்கும்? வாயால் சத்தம் போட்ட அந்த மனிதர் உண்மையில் உயிரைப் பிடித்துக் கொண்டுதான் கத்தி இருக்கிறார். மேலதிகாரிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? குற்றவாளிகளை மனதளவில் மிரட்டுவதற்காக அப்படி சத்தம் போடுவது உண்டு, தோட்டா சிக்கிக் கொண்டது தொழில்நுட்பக் கோளாறு. அத்தோடு விஷயம் முடிந்தது.

'தொழில்நுட்பக் கோளாறு'. ரெயில் நின்றாலும் இதுதான், லிப்ட் நின்றாலும் இதுதான், துப்பாக்கி நின்றாலும் இதுதான். ஆனால் பிஸ்டல் ஒன்றும் மாயப்பெட்டி கிடையாது. அது நிற்பதற்கு இருக்கிற காரணங்களை விரல் விட்டு எண்ணி விடலாம். ஒவ்வொரு காரணமும் ஒவ்வொரு அடையாளத்தை விட்டு விட்டுத்தான் போகும். பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் அஞ்சு நிமிஷத்தில் சொல்லி விடுவார். பிரச்சினை என்னவென்றால், பல இடங்களில் யாரும் பார்ப்பதில்லை. துடைத்து, எண்ணெய் போட்டு, திரும்ப பெட்டியில் வைத்து விடுகிறார்கள். அதே பிஸ்டல் அடுத்த வாரம் இன்னொரு ஏட்டு இடுப்புக்குப் போகிறது.

உத்தரபிரதேசத்து கதை நமக்கு எதுக்கு என்று நினைக்க வேண்டாம். இந்திய போலீசும் ராணுவமும் காலம் காலமாக வைத்திருக்கும் 9 எம்.எம். பிஸ்டல் மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் ரைபிள் பாக்டரியில் தயாராவது. காஷ்மீர் போலீசுக்கும் அதுதான், கன்னியாகுமரி போலீசுக்கும் அதுதான். நம்ம திருச்சி துப்பாக்கி தொழிற்சாலையும் அந்த இஷாப்பூர் பாக்டரியும் 2021 அக்டோபர் முதல் ஒரே அரசு கம்பெனியின் கீழ்தான் இருக்கின்றன.

ரிவால்வர் வேறு, பிஸ்டல் வேறு

சினிமாவில் எல்லாத்தையும் ஒரே மாதிரி காட்டுவார்கள். ரிவால்வரில் உருளை இருக்கும். அதில் ஆறு தோட்டா. டிரிக்கரை அழுத்தும் போது நம்ம விரல் பலத்தில் உருளை சுற்றும். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி அழுத்தினால் போதும். அடுத்த தோட்டா எதிரே வந்து நிற்கும். பழைய இன்ஸ்பெக்டர்கள் பலர் ரிவால்வரை விட மனசில்லாமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

பிஸ்டல் அப்படி இல்லை. அதில் அடுத்த தோட்டாவை ஏற்றுவது நம்ம விரல் கிடையாது. முந்தின தோட்டா வெடித்த வேகம்தான் அடுத்ததை ஏற்றுகிறது. வெடித்த வேகத்தில் மேல் பாகமான ஸ்லைடு பின்னால் போகும். போகும் போது ஒரு சின்ன கொக்கி, காலியான தோட்டா உறையைப் பிடித்து இழுத்து வெளியே எறியும். ஸ்லைடை ஸ்பிரிங் முன்னால் தள்ளும். வரும் வழியில் கீழே மேகசீனில் இருந்து புது தோட்டாவை உரசி எடுத்து குழலுக்குள் செருகும். இத்தனையும் கண் சிமிட்டும் நேரத்துக்குள். சங்கிலியில் ஒரு கண்ணி சறுக்கினாலும் அத்தோடு நின்று விடும். மறுபடி எத்தனை தடவை டிரிக்கரை அழுத்தினாலும் பிரயோஜனம் இல்லை.

இஷாப்பூர் பிஸ்டல் பிரவுனிங் ஹைபவர் என்ற பழைய டிசைன். அமெரிக்காவின் ஜான் பிரவுனிங் ஆரம்பித்து, அவர் 1926-ல் இறந்த பிறகு பெல்ஜியத்தில் முடித்து 1935-ல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் கனடாவின் ஜான் இங்கிலிஸ் கம்பெனி தயாரித்த மாடலை ஒட்டித்தான் நம்ம நாட்டில் செய்தார்கள். 13 தோட்டா பிடிக்கும். நல்ல துப்பாக்கி என்று உலகமே ஒப்புக் கொண்ட சரக்கு. அதனால் டிசைனையே குறை சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் இதில் ஒரு விசேஷம் உண்டு. மேகசீன் முழுசாக உள்ளே போய் மாட்டிக் கொள்ளாவிட்டால் டிரிக்கர் வேலையே செய்யாது. பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. ஓடும் போது இடுப்பில் இடிபட்டு மேகசீன் ஒரு நூல் கீழே இறங்கி இருந்தால் போதும், டிரிக்கர் செத்த பாம்பு மாதிரி கிடக்கும். 'துப்பாக்கி ஜாம்' என்று ரிப்போர்ட்டில் எழுதி விடுவார்கள். உண்மையில் அது ஜாமே கிடையாது. அடியில் ஒரு தட்டு தட்டி இருந்தால் சரியாகி இருக்கும்.

முதல் குற்றவாளி மேகசீன்

பிஸ்டல் நின்று விட்டது என்று கொண்டு வந்து கொடுத்தால், விஷயம் தெரிந்த ஆர்மரர் முதலில் பிஸ்டலைப் பார்க்க மாட்டார். "எந்த மேகசீன் போட்டிருந்தே?" என்பதுதான் முதல் கேள்வி.

தகரத்தை மடித்து செய்த பெட்டி அது. உள்ளே ஒரு ஸ்பிரிங். மேலே இரண்டு பக்கமும் தோட்டாவை அமுக்கிப் பிடிக்கும் மடிப்பு. 'உதடு' என்பார்கள். இந்த உதடு ஒரு மயிரிழை விரிந்தாலும் தோட்டா தப்பான கோணத்தில் துள்ளும், மூக்கு குழல் விளிம்பில் போய் முட்டி நிற்கும். ரேஞ்சில் காலி மேகசீனை சிமெண்டு தரையில் போடுகிறோமே, அப்போது விழுவது இந்த உதட்டில்தான். ஒரு தடவை விழுந்ததும் பார்வைக்கு எதுவும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அந்த மேகசீன் பத்து தோட்டாவுக்கு ஒன்று மக்கர் பண்ணும்.

ஸ்பிரிங் தளர்ந்து போனால் வேறு மாதிரி. ஸ்லைடு வரும் வேகத்துக்கு தோட்டா மேலே ஏறி வராது. ஸ்லைடு வெறும் கையோடு போய் மூடிக் கொள்ளும். அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். மேகசீனை ரொப்பியே வைத்தால் ஸ்பிரிங் செத்துப் போகும் என்று போலீஸ்காரர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதிதான் நிஜம். நல்ல ஸ்பிரிங், அமுங்கி இருப்பதால் மட்டும் சீக்கிரம் தளராது. திரும்பத் திரும்ப ரொப்பி இறக்குவதும், உள்ளே பிடிக்கும் துருவும்தான் அதைக் கொல்லும்.

இதைக் கண்டுபிடிக்க பெரிய ஆராய்ச்சிக் கூடம் வேண்டாம். ஒவ்வொரு மேகசீனுக்கும் பெயிண்டில் நம்பர் போட வேண்டும். நின்ற போது எந்த நம்பர் என்று குறித்து வைக்க வேண்டும். அதே பிஸ்டலில் வேறு மேகசீன் போட்டு சுட்டுப் பார்க்க வேண்டும். ஒழுங்காக ஓடினால் பழி மேகசீன் மேல். அந்த மேகசீனையே இன்னொரு பிஸ்டலில் போட்டு, அதுவும் நின்றால் சந்தேகமே இல்லை. தூக்கி குப்பையில் போட வேண்டியதுதான். ஆனால் அரசாங்க சொத்தை குப்பையில் போட எத்தனை பைல், எத்தனை கையெழுத்து! அதனால் யாரும் போடுவதில்லை. மற்ற மேகசீன்களோடு கலந்து பெட்டிக்குள் போய் விடும்.

நமத்துப் போன தோட்டா

அடுத்தது தோட்டா. தோட்டாவின் பின்பக்கம் நடுவில் வட்டமாக ஒரு பொட்டு இருக்கும். பிரைமர் என்று பெயர். தீபாவளிக்கு பசங்க வெடிக்கும் பொட்டு வெடி மாதிரிதான். துப்பாக்கி ஊசி அதைக் குத்தினால் தீப்பொறி, அதிலிருந்து மருந்து, அதிலிருந்து குண்டு. பொட்டு நமத்துப் போனால் எல்லாம் போச்சு.

தோட்டாவை நமக்க வைப்பதில் தண்ணியை விட எண்ணெய்க்குத்தான் கெட்ட பெயர். 'நல்லா எண்ணெய் போட்டு வைங்கய்யா' என்று அதிகாரி சொல்லி விட்டுப் போவார். ஏட்டு வழிய வழிய போடுவார். அந்த எண்ணெய் கசிந்து பொட்டுக்குள் இறங்கும். அதே எண்ணெயோடு நம்ம ஊர் தூசி சேர்ந்தால் மை மாதிரி ஒரு களி. ஊசி ஓடும் துளையில் அந்தக் களி அடைத்தால் ஊசி மெதுவாகக் குத்தும். வெடிக்காத தோட்டாவை எடுத்து பொட்டைப் பாருங்கள். ஆழமான பள்ளம் இருந்தால் தோட்டா மேல் தப்பு. லேசான கீறல் மட்டும் இருந்தால் துப்பாக்கி மேல் தப்பு. இவ்வளவுதான் புலன் விசாரணை! ஆனால் வெடிக்காத அந்தத் தோட்டாவைப் பத்திரமாக எடுத்து வைத்தால்தானே பார்க்க முடியும்?

தோல் உறையில், தோல் பெல்ட்டில் தோட்டாவை மாசக் கணக்கில் செருகி வைப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. பித்தளையில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். கோவில் குத்துவிளக்கில் பிடிக்குமே, அதே களிம்பு. அது குழலுக்குள் போய் ஒட்டிக் கொள்ளும், கொக்கி இழுத்தால் வராது. நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் கடல் காற்றில் வேலை பார்ப்பவர்களுக்கு இதோடு துருவும் சேரும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. டூட்டி ஏறும் போது பிஸ்டலை லோடு பண்ணுவார்கள், இறங்கும் போது அன்லோடு. தினமும் அதே முதல் தோட்டாதான் உள்ளே போய் மூக்கு இடிபட்டு வெளியே வரும். இப்படி பல தடவை இடிபட்டால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக உறைக்குள் அமுங்கும். பார்க்க ஒரு சுற்று குள்ளமாகத் தெரியும். அமுங்கின தோட்டாவை சுட்டால் உள்ளே அழுத்தம் எகிறும், துப்பாக்கியே பழுதாகலாம். பக்கத்தில் புது தோட்டாவை வைத்து உயரம் பார்த்தால் தெரிந்து விடும். குள்ளமாக இருந்தால் சுடக் கூடாது, தனியே எடுத்து வைத்து ஒப்படைக்க வேண்டும்.

பழைய தோட்டா என்ன செய்யும் என்பதற்கு தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சம்பவம் ஒன்று உண்டு. 1967 ஜனவரி 12-ந்தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்ட சம்பவம். தானும் சுட்டுக் கொண்டார். அவ்வளவு கிட்டத்தில் குண்டு பாய்ந்தும் இரண்டு பேருமே பிழைத்துக் கொண்டார்கள். தோட்டாக்கள் பல வருடம் பழசு, மேஜை டிராயரில் தகர டப்பாவில் கிடந்து, திறந்து மூடும் போதெல்லாம் உருண்டு தேய்ந்து வீரியம் குறைந்து போனவை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அங்கே வலுவில்லாத தோட்டா நல்லது செய்தது. கடமையில் இருக்கும் போலீஸ்காரருக்கு அது எமன்.

அதிலும் மோசம், 'புஸ்' என்று மெல்லிய சத்தம் வந்து குண்டு குழலுக்குள்ளேயே நின்று விடுவது. அவசரத்தில் ஸ்லைடை இழுத்து அடுத்ததை சுட்டால் குழல் பிளக்கும். சத்தம் வித்தியாசமாக இருந்தால் அந்தத் துப்பாக்கியை அதோடு நிறுத்தி விட வேண்டும்.

இன்னொன்று, தாமதமாக வெடிப்பது. தீபாவளிக்கு திரி அணைஞ்சிடுச்சுன்னு நினைத்து குனிந்து பார்க்கும் போது முகத்தில் வெடிக்குமே, அதே கதைதான். அதனால்தான் பயிற்சி மைதானத்தில் தோட்டா வெடிக்காவிட்டால், குழலை இலக்கைப் பார்த்தே வைத்துக் கொண்டு அரை நிமிஷமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். திருப்பி மூஞ்சிக்கு நேரே வைத்து எட்டிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வேதனை.

கை ஆடினால்...

துப்பாக்கியும் நல்லது, மேகசீனும் நல்லது, தோட்டாவும் புதுசு. ஆனாலும் நிற்கும். காரணம் பிடித்த கை. ஸ்லைடு பின்னால் போக வேண்டும் என்றால் கைப்பிடி ஆடாமல் நிற்க வேண்டும். அம்மி ஆடினால் அரைபடுமா? மணிக்கட்டைத் தளர்வாக விட்டால் மொத்த துப்பாக்கியும் சேர்ந்து பின்னால் போகும். ஸ்லைடு முழு தூரம் போகாது. காலி உறை வெளியே பறக்க நேரம் இல்லாமல் வாசலில் மாட்டிக் கொண்டு, புகைபோக்கி மாதிரி நட்டுக்க நிற்கும். அப்படி நின்றால் முதலில் கையைச் சந்தேகப்பட வேண்டும். அடுத்து அந்தச் சின்ன கொக்கியை. கொக்கி தேய்ந்திருக்கும், அல்லது அடியில் கரி படிந்திருக்கும்.

நம்ம போலீசில் பெரும்பாலும் குழலுக்குள் தோட்டா இல்லாமல்தான் பிஸ்டலை வைத்திருப்பார்கள். ஆபத்து வந்த பிறகுதான் ஸ்லைடை இழுத்து லோடு பண்ண வேண்டும். கை நடுங்கும் நேரத்தில் பாதி இழுப்பார்கள். அல்லது முழுசாக இழுத்து, கையை எடுக்காமல் பிடித்துக் கொண்டே மெதுவாக முன்னால் கொண்டு போய் விடுவார்கள். ஸ்பிரிங் வேகம் முழுசும் போய்ச் சேராது. தோட்டா பாதியில் நிற்கும். இழுத்தால் முழுசாக இழுக்கணும், விட்டால் பட்டென்று விடணும்.

நடுவழியில் நின்று போனால் என்ன செய்வது? விரலை டிரிக்கரில் இருந்து எடுத்து விட்டு, மேகசீன் அடியில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. ஸ்லைடை முழுசாக இழுத்து விடு. பெரும்பாலான கோளாறு இதிலேயே சரியாகும். சரியாகவில்லை என்றால் இரண்டு தோட்டா ஒரே நேரத்தில் உள்ளே போக முட்டிக் கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அப்போது ஸ்லைடை பின்னால் நிறுத்தி, மேகசீனைப் பிடுங்கி, ரெண்டு மூணு தடவை இழுத்து உதறி, வேறு மேகசீன் போட வேண்டும். படிக்க இரண்டு வரி. ஆனால் இருட்டில், எதிரே ஆள் நிற்கும் போது, யோசித்துச் செய்ய முடியாது. கை தானாகச் செய்ய வேண்டும். அதுக்குப் பழக்கம் வேண்டும்.

துடைக்கும் போது பாயும் குண்டு

'துப்பாக்கியை சுத்தம் செய்த போது குண்டு பாய்ந்து போலீஸ்காரர் காயம்'. இந்த செய்தியை எத்தனை தடவை படித்திருப்பீர்கள்! 'எதிர்பாராத விதமாக' என்று எழுதுவோம். எதிர்பாராதது ஒன்றும் இல்லை. வரிசை மாறியதுதான். முதலில் மேகசீனை எடுக்க வேண்டும். பிறகு ஸ்லைடை இழுத்து உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். பிறகு கண்ணால் பார்த்து, விரல் விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். இதை மாற்றி, முதலில் ஸ்லைடை இழுத்து விட்டு பிறகு மேகசீனை எடுத்தால்? இழுத்த போதே மேகசீனில் இருந்து இன்னொரு தோட்டா உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கும். மேகசீன்தான் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் டிரிக்கரை அழுத்துவார். மேகசீன் இல்லாமலும் சுடும் ரகத் துப்பாக்கி என்றால் குண்டு பாயும். மக்கர் ஆன துப்பாக்கியை பதட்டத்தில் நோண்டும் போது இந்த வரிசை இன்னும் சுலபமாக மாறிப் போகும்.

மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியனை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை கொளத்தூர் நகைக்கடை கொள்ளை வழக்கில் குற்றவாளிகளைப் பிடிக்க ராஜஸ்தான் போன இடத்தில், 2017 டிசம்பர் 13-ந்தேதி பாலி மாவட்டத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர்கள் சுட்டதாகத்தான் முதலில் தகவல் வந்தது. பிறகு ராஜஸ்தான் போலீஸ் விசாரணையில், உடன் போன இன்னொரு இன்ஸ்பெக்டரின் கையில் இருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்ததில் பாய்ந்த குண்டு என்று தெரிய வந்தது. தமிழ்நாடே அதிர்ந்தது. இருட்டு, கல் வீச்சு, முன்பின் தெரியாத ஊர். அப்படி ஒரு நேரத்தில் கையில் இருக்கும் துப்பாக்கி எந்த நிலையில் இருக்கிறது என்பது விரலுக்கே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை அந்த ராத்திரியில் போய் கற்றுக் கொள்ள முடியாது.

பழக்கத்துக்கு தோட்டா வேண்டும், இடம் வேண்டும். தோட்டா செலவுக் கணக்கு. பயிற்சிக்கு எண்ணி எண்ணித்தான் கொடுப்பார்கள். இடம் அதைவிடப் பெரிய பாடு. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கம் 2021 டிசம்பர் 30-ந்தேதி மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த போது, வீட்டில் இருந்த 11 வயது சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ந்தேதி அந்தப் பிள்ளை இறந்து போனான். ஊர் மக்கள் மைதானத்தை இழுத்து மூடச் சொன்னது நியாயம்தானே? பயிற்சி மைதானத்தை ஊருக்கு ஒதுக்குப்புறமாக, உயரமான தடுப்புச் சுவரோடு கட்டாத வரைக்கும், மக்களும் பயந்து கொண்டு இருப்பார்கள், போலீசும் பயிற்சி இல்லாமல் இருக்கும்.

பயிற்சி இல்லாவிட்டால் எந்த அளவுக்குப் போகும்? 2022 டிசம்பரில் உத்தரபிரதேசம் சந்த் கபீர் நகர் மாவட்டத்தில் டி.ஐ.ஜி. ஆய்வுக்குப் போன இடத்தில், துப்பாக்கியை லோடு பண்ணிக் காட்டச் சொன்னார். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் தோட்டாவை குழல் வாய் வழியாக உள்ளே போட்டார். ராஜா காலத்து நாட்டுத் துப்பாக்கியில்தான் அப்படிப் போடுவார்கள். 2019 ஆகஸ்டில் பீகார் முன்னாள் முதல்-மந்திரி ஜெகநாத் மிஸ்ரா இறுதிச் சடங்கில், முதல்-மந்திரி நிதிஷ்குமார் கண் முன்னாலேயே மரியாதைக்குச் சுட்ட போலீஸ் ரைபிள்கள் ஒன்று கூட வெடிக்கவில்லை. அது ரைபிள், வெற்றுத் தோட்டா. பிஸ்டல் கதை இல்லை. ஆனால் அத்தனையும் ஒரே நேரத்தில் ஊமையானால், சுடுவதற்கு முன்னால் ஒன்றைக் கூட எடுத்து யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இப்போது பல மாநில போலீசார் ஆஸ்திரியாவின் க்ளாக் பிஸ்டல் வாங்கி விட்டார்கள். பழசைத் தூக்கிப் போட்டு புதுசு வாங்கினால் எல்லாம் சரியாகி விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. க்ளாக் நல்ல துப்பாக்கிதான். ஆனால் அதற்கும் மேகசீனுக்கு உதடு உண்டு, ஸ்பிரிங் உண்டு. மணிக்கட்டு தளர்ந்தால் அதுவும் நிற்கும். நமத்த தோட்டா எந்தக் கம்பெனி துப்பாக்கியிலும் வெடிக்காது. பராமரிப்பு நோட்டு இல்லாத இடத்தில் பத்து வருஷம் கழித்து அதுவும் இஷாப்பூர் பிஸ்டல் நிலைமைக்கு வரும்.

லைசென்சு வைத்திருப்பவர்களே...

பொதுமக்களுக்கு 9 எம்.எம். கிடையாது, பெரும்பாலும் .32 பிஸ்டல்தான். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. தேர்தல் அறிவிப்பு வந்தால் கலெக்டர் உத்தரவு வரும், போலீஸ் நிலையத்தில் கொண்டு போய் ஒப்படைப்பார்கள். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கும் வரை இரண்டு மாசம் போல அது மற்ற துப்பாக்கிகளோடு மூலையில் கிடக்கும். கொடுக்கும் போது மேகசீனை எடுத்து, தோட்டாக்களைத் தனியே எண்ணி ரசீது வாங்குங்கள். திரும்ப வாங்கியதும் அப்படியே பீரோவில் பூட்டாமல், உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து விட்டு, குழலில் துரு இருக்கிறதா, ஸ்லைடு தாராளமாக ஓடுகிறதா என்று பாருங்கள். கோளாறு இருந்தால் லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் காட்டுங்கள். லேத்து பட்டறையில் ஸ்பிரிங்கை வெட்டி மாட்டுவதும், உப்புத்தாளால் தேய்ப்பதும் வேண்டாம். தெரியாமல் தேய்த்தால், அழுத்தாமலே வெடிக்கிற துப்பாக்கியாக அது மாறி விடும்.

போலீஸ் பக்கம் வந்தால், கோடிக்கணக்கில் செலவு செய்து செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஆயுதப்படையில் ஒரு நோட்டு. எந்தப் பிஸ்டல், எந்த மேகசீன், எந்த வருஷத்து தோட்டா, எப்படி நின்றது, வெடிக்காத தோட்டாவின் பொட்டில் பள்ளமா கீறலா, என்ன மாற்றினார்கள். நின்று போன பிஸ்டலை சுட்டுப் பார்க்காமல் மறுபடி யாருக்கும் கொடுக்கக் கூடாது. வருஷா வருஷம் ஆய்வுக்கு வரும் அதிகாரி பளபளப்பைப் பார்த்து விட்டு தலையாட்டாமல், இந்த நோட்டைக் கேட்க வேண்டும். அதோடு பெட்டியில் இருந்து கண்ணை மூடிக் கொண்டு நாலு மேகசீனை எடுத்து, ரேஞ்சுக்குக் கொண்டு போய் ரொப்பி சுடச் சொல்ல வேண்டும்.